அழையாமல் வந்த விருந்தாளிகள்



ஆஸ்திரியா நாட்டிலே கிராட்ஸ் என்றொரு நகரம் உண்டு. கடலுக்கும் அந்நகருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மலைகளுக்கு நடுவே ஓர் ஆற்றங்கரையில் அமைந்த உள்நாட்டு நகரம் அது. ஆயினும் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையார், ஆராய்ச்சியின் பொருட்டுக் கடல்நீரை வருவித்துக் கண்ணாடித் தொட்டிகளில் நிரப்பி, அவற்றில் கடல்வாழ் உயிர்களை வளர்த்து வந்தனர். 1883-ஆம் ஆண்டில், கடற்பஞ்சுகளை ஆராய்வதில் பேர்பெற்ற பேராசிரியர் ஃபிரான்ஸ் ஐல்ஹார்டு சூல்ட்ஸே என்பவர், அத்தகைய தொட்டியொன்றின் சுவரிலே வெண்சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்ணுற்றார். கடுகைச் சப்பையாக நசுக்கி ஒட்டியது போன்ற அளவுதான். ஆனால் அது ஊர்ந்தது! ஊரும்போதே தன் வடிவத்தையும் மாற்றிக்கொண்டது. தலை இல்லை, வால் இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை. இடம் வலம் என்ற வேறுபாடும் இல்லை. அதனை அத்தொட்டியில் எவரும் கொண்டுவந்து விடவில்லை. தானாகவே வந்திருந்தது.

அந்தப் புள்ளியின் கதை நீண்டது. அதனை இறுதியில் சொல்வேன். இவ்வாறு கடல்நீர்த் தொட்டிகளில் எவரும் அழையாமல் வந்து குடியேறும் உயிர்களைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினேன். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள் என நம் புலவர்கள் கூறுவர். அவ்வகையில் பார்த்தால், இவைகளைப் போன்ற விருந்தாளிகள் வேறில்லை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டில் இத்தகைய தொட்டி கிடையாது. கிணற்றடியில் உள்ள சிமெண்டுத் தொட்டியில், கொசுப்புழுக்களைத் தின்னட்டும் என்று விட்ட நான்கு சிறு மீன்களே என் செல்வம். நன்னீர் மீன் வளர்ப்பது எவர்க்கும் எளிது. கடல்நீர் மீன் வளர்ப்பதோ பெரும்பாடு. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பரந்த கடலில் அது கரைந்து மறையும். சிறு தொட்டியிலோ நஞ்சாகி மீனைக் கொல்லும். ஆகவே முற்காலத்தில் கடல்மீன் வளர்க்க முயன்றோர் பலர், சில நாட்களிலேயே மீன்களைக் குப்பையில் எறிய நேர்ந்தது.

இங்கிலாந்திலே, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைச் சார்ந்த ஒரு குருவானவரின் மனைவியாகிய அன்னா தின் என்னும் அம்மையார், 1846-இல் டார்க்கி என்னும் கடற்கரை ஊரிலிருந்து உயிருள்ள பவளங்களைத் தம் இலண்டன் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். (ஆங்கிலத் திருச்சபையிலே குருக்கள் மணம் புரிவது வழக்கம் என்பதை வாசகர் அறிவர்.) நீரில் காற்று கலப்பதற்காக, வேலைக்காரப் பெண் திறந்த சாளரத்தருகே நின்று அந்த நீரை நாள்தோறும் அரைமணி நேரத்துக்கும் மேலாக ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டில் அம்மையார் கடற்பாசிகளையும் அந்நீரிலே சேர்த்துப் பார்த்தார். பாசி மூச்சுக்காற்றை வழங்க, பவளங்கள் பிழைத்தன. வீட்டுக்குள் கடலை வளர்க்கும் கலைக்கு இதனையே தொடக்கம் என்பர். அந்த வேலைக்காரப் பெண்ணின் கைவலியை எந்த நூலும் பாராட்டியதாகத் தெரியவில்லை.

அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் வேறொரு வழியைக் கண்டார். கடலிலிருந்து துளைகள் நிறைந்த பவளக்கற்களை அப்படியே ஈரத்தோடு எடுத்துவந்து தொட்டியில் அடுக்கினார். மெல்லிய காற்றுக் குமிழிகளைத் தவிர வேறு கருவி எதுவும் அவர் வைக்கவில்லை. ஆயினும் மீன்களும் பவளங்களும் செழித்தன. 1961-இல் அவர் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் இதனை விளக்கி எழுதினார். அந்தக் கல்லுக்கே இன்று உயிர்ப்பாறை என்று பெயர்.

பாறைக்கு ஏது உயிர் என்று கேட்பீர்கள். மடிந்த பவளங்களின் சுண்ணாம்புக் கூடு அது. புட்டு வெந்து இறங்கினாற்போல் உள்ளெங்கும் நுண்துளைகள். அத்துளைகளில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மேற்பரப்பில் உள்ளவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத உட்பகுதியில் உள்ளவை அந்த நைட்ரேட்டையும் சிதைத்துத் தீங்கற்ற நைட்ரஜன் காற்றாக வெளியேற்றுகின்றன. ஆக, அந்தக் கல்லே தொட்டியின் சிறுநீரகம். பிஜி, தோங்கா, இந்தோனேசியா முதலிய தீவு நாடுகளிலிருந்து இக்கற்கள் ஈரச் செய்தித்தாளில் சுற்றப்பட்டு விமானம் ஏறி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன.

பாக்டீரியாக்களுக்கு இடமுள்ள கல்லிலே வேறு பலவற்றுக்கும் இடமுண்டல்லவா? இக்கல்லை வாங்குவோர், முதல் சில வாரங்கள் தொட்டியில் வெறுங்கல்லை மட்டுமே காண்பர். பின்னர் ஒருநாள் இரவு விளக்கை ஏந்திச் சென்று பார்த்தால், ஒவ்வொரு துளையிலிருந்தும் ஏதேனும் ஒன்று எட்டிப் பார்க்கும். இங்கே ஒரு கடற்பஞ்சு, அங்கே நூல்போன்ற கைகளை நீட்டும் நட்சத்திர மீன், அரிசியளவு நத்தை, நொய்யளவு ஓடுயிர்கள், சிவந்த சுணையுடைய புழுக்கள், நகத்தளவு நண்டு. ஆயிரக்கணக்கான மைல் வானில் பறந்து வந்தவை இவை. பயணச்சீட்டு ஒன்றும் வாங்கவில்லை.

இவ்விருந்தாளிகளில் மிகவும் பேர்பெற்றவன் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள நியூக்வே என்னும் கடற்கரை ஊரில் அகப்பட்டான். அங்குள்ள மீன்காட்சிச்சாலையில் ஒரு பவளத் தொட்டி. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல மாதங்களாகவே அதில் இரவுதோறும் ஏதோ நாசம் நடந்து வந்தது. காலையில் வந்து பார்த்தால் பவளங்கள் கடித்துக் குதறப்பட்டிருக்கும். மீன் ஒன்றும் காயமுற்றிருந்தது. பகலெல்லாம் காத்திருந்தாலும் குற்றவாளியைக் காணவில்லை. பணியாளர்கள் பொறி வைத்துப் பார்த்தனர், பொறிகளும் சின்னாபின்னமாயின. தூண்டில் முள்ளில் இரை கோத்து வைத்தனர். இருபது இராத்தல் எடை தாங்கும் தூண்டில் நூலையும் அறுத்துக்கொண்டு, முள்ளோடு இரையும் மறைந்தது. வேறு வழியின்றி, தொட்டியிலிருந்த பாறைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தனர். அடியில் சுருண்டு கிடந்தது நான்கடி நீளமுள்ள ஒரு புழு! வானவில்லின் நிறங்கள் மின்னும் உடல், இருபுறமும் சுணை, வாயிலே கத்தரிபோன்ற தாடைகள். யூனிசீ அஃப்ரோடிட்டாயிஸ் என்பது அதன் அறிவியற்பெயர். சிறு குட்டியாக ஒரு கல்லின் துளையில் ஒளிந்து வந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வளர்ந்திருக்க வேண்டும்.

அதனைக் கொன்றார்கள் என்று எண்ணுகிறீர்களா? இல்லை. பாரி என்று செல்லப்பெயர் சூட்டி, தனித்தொட்டி ஒன்றைக் கொடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். திருடனுக்குச் சிங்காதனம் என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அது சரியாகவே தோன்றுகிறது. புழு செய்தது புழுவின் தொழில்.

அதே 2009-ஆம் ஆண்டு ஜனவரியில், ஜப்பான் நாட்டின் சிராஹாமா என்னும் ஊரில் மீன்வளர்ப்புத் தெப்பம் ஒன்றின் மிதவையைப் பிரித்தபோது, அதனுள்ளும் இவ்வினப் புழு ஒன்று இருந்தது. நீளம் 299 சென்டிமீட்டர், எடை 433 கிராம், உடலின் கண்டங்கள் 673 என்று அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தெப்பம் பதின்மூன்று ஆண்டுகள் அங்கே மிதந்துகொண்டிருந்தது. அத்தனை காலமும் தலைக்கு மேலே நடமாடிய மீனவர்கள் ஒன்றும் அறிந்திலர்.

சில விருந்தாளிகளைக் கண்ணால் காணுமுன் காதால் அறியலாம். நள்ளிரவில் கூடத்திலிருந்து டக், டக் என்று ஓசை வரும். தொட்டியின் கண்ணாடி வெடிக்கிறதோ என்று வீட்டார் திடுக்கிட்டு எழுந்து ஓடுவர். கண்ணாடியில் கீறல் எதுவும் இராது. ஓசைக்குக் காரணம் பெரும்பாலும் இருவரில் ஒருவர்.

ஒருவர் மாண்டிஸ் இறால். கும்பிடுபூச்சியைப்போல் முன்கால்களை மடித்து, கைகூப்பி நிற்பதுபோல் காட்சி தருவதால் இப்பெயர். அந்தப் பக்தித் தோற்றத்தைக் கண்டு ஏமாற வேண்டா. இவ்வினத்தில் ஒரு பிரிவு மடித்த கையால் குத்துவது. மற்றொரு பிரிவு ஈட்டியால் எறிவதுபோல் குத்திப் பிடிப்பது. மயில்நிற மாண்டிஸ் இறாலின் குத்து, நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை செல்வதை 2004-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அளந்தனர். நத்தையின் ஓடும் நண்டின் ஓடும் அக்குத்தில் சிதறிப்போம். 1998-இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் மீன்காட்சிச்சாலையில், நான்கு அங்குல நீளமே உள்ள ஒரு மாண்டிஸ் இறால் கால் அங்குலக் கண்ணாடியை உடைத்தது என்பது செய்தித்தாள்களில் வந்த கதை. இதன் கண்களில் ஒளியை உணரும் அணுவகைகள் பன்னிரண்டுக்கும் மேல் உள. நமக்கு வண்ணம் காண மூன்றே.

மற்றொருவர் துப்பாக்கி இறால். இதன் இரு கொடுக்குகளில் ஒன்று மிகப் பெரியது. அதனைத் திறந்து சட்டென மூடும்போது நீர் பீச்சியடித்து, அதன் பின்னே ஒரு வெற்றுக் குமிழி உண்டாகி உடனே நொறுங்குகிறது. கொடுக்கு மோதுவதால் ஓசை எழுகிறது என்றே நெடுங்காலம் கருதினர். குமிழி நொறுங்குவதே ஓசை என்பது 2000-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. மறு ஆண்டில், அக்குமிழி நொறுங்கும் கணத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மின்னொளி தோன்றுவதையும் கண்டனர். அந்த ஒளியிலிருந்து கணக்கிட்டால் குமிழியினுள்ளே கண நேரம் ஐயாயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் என்று தெரிகிறதாம்! இரண்டாம் உலகப்போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களை ஓசையால் தேடிய அமெரிக்கக் கடற்படையினருக்கு, ஆழங்குறைந்த வெப்பக் கடல்களில் இவ்விறால்களின் இரைச்சல் தீராத் தலைவலியாக இருந்தது.

இத்துணை முரடனாகிய துப்பாக்கி இறாலின் சில இனங்களுக்கு ஒரு நண்பன் உண்டு. கோபி என்னும் சிறுமீன். இறாலுக்குப் பார்வை குறைவு; ஆனால் வளை தோண்டுவதில் வல்லது. மீனுக்குத் தோண்டத் தெரியாது, பார்வையோ கூர்மை. ஆகவே இரண்டும் ஒரே வளையில் குடித்தனம் செய்கின்றன. இறால் மண்ணை வாரிக்கொண்டு வெளியே வரும்போது, தன் நீண்ட உணர்கொம்பு ஒன்றை மீனின் மேனியில் தொட்டபடியே வைத்திருக்கும். பகை நெருங்கினால் மீன் வாலைச் சிறிது அசைக்கும்; இறால் உடனே உள்ளே போகும். கண்ணிழந்த மூதாட்டி பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு கோயிலுக்குச் செல்வதை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம் அல்லவா?

கண்ணாடிச் சாமந்தி என்று ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அய்ப்டாசியா என்பர். பழுப்பு நிறத்தில், ஒளி ஊடுருவும் மெல்லிய கைகளோடு, பார்க்கச் சிறு தென்னங்கன்றுபோல் அழகாக இருக்கும். ஒன்று இருந்தால் சில மாதங்களில் நூறு. பிய்த்தெறிந்தால் அடிப்பாகத்தில் எஞ்சிய துணுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி உயிராக முளைக்கும். பக்கத்திலுள்ள பவளங்களைச் சுட்டுப் பொசுக்கும். எலுமிச்சைச் சாறு முதல் சுண்ணாம்புக் குழம்பு வரை ஊசியால் ஏற்றிப் பார்த்துக் களைத்தோர் பலர். இதனை மட்டுமே தின்று வாழும் கடல்நத்தை ஒன்று உண்டு, பெர்கியா என்று பெயர். சாமந்தி தீர்ந்ததும் அதுவும் பட்டினியால் மாளும்.

தொட்டிக்காரர் சபிக்கும் அதே சாமந்தியை ஆராய்ச்சிக்கூடங்களில் அருமையாக வளர்க்கிறார்கள் என்பது வியப்பல்லவா? பவளங்களைப் போலவே இதன் உடலுக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருந்து, கதிரொளியால் உணவு சமைத்துத் தருகின்றன. கடல்நீர் சூடேறினால் அவை வெளியேற, பவளம் வெளுத்து மடிகிறது. பவளமோ மெல்ல வளர்வது, கூடத்தில் வளர்ப்பதற்கு அரியது. இந்தக் களையோ எங்கும் எளிதில் வளரும். எனவே பவளம் வெளுப்பதன் காரணத்தை இதனிடமே கேட்டறிகின்றனர். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காம் பவள வெளுப்பு நிகழ்வதாக அறிவிக்கப்பட்டது. நம் மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. சபிக்கப்பட்ட விருந்தாளி இன்று சாட்சிக்கூண்டில் நின்று பயனுள்ள வாக்குமூலம் தருகிறது எனலாம்.

சுணைப்புழுக்களின் வரலாறும் அப்படியே. ஒரு காலத்தில், புழு என்று கண்டால் இடுக்கியால் பிடித்துக் கொல்வதே முறை என்று கற்பித்தனர். அவற்றுள் பெரும்பாலானவை எஞ்சிய இரையையும் அழுகிய பொருளையும் தின்று தொட்டியைத் துப்புரவு செய்பவை என்பது பின்னரே விளங்கிற்று. இப்போது அவற்றை விலைக்கு விற்போரும் உளர்! வெறுங்கையால் மட்டும் தொடலாகாது. சுணை தோலில் ஏறி எரிச்சல் தரும்.

இனிச் சொல்லப்போவது விளையாட்டன்று. சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

பாறைகளோடு வரும் விருந்தாளிகளில், பொத்தான்களை நெருக்கி அடுக்கினாற்போல் படரும் ஒருவகை உயிர் உண்டு. சோவந்திடு என்பது அதன் பெயர். அவற்றுள் பாலித்தோவா என்னும் பழுப்பு நிறத்தன சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர், தம் தொட்டியில் தாமே பெருகிவிட்ட இவ்வுயிர்களை ஒழிக்கக் கருதி, கொதிநீரை அவற்றின்மேல் ஊற்றினார். எழுந்த ஆவியைச் சுவாசித்ததும் கடுமையான மூச்சுத்திணறலுக்கு ஆளானார். பின்னர் ஆராய்ச்சியாளர் அவ்வுயிர்களை வாங்கிச் சோதித்தபோது அவற்றில் அந்நஞ்சு மிகுதியாக இருந்தது. 2011-இல் வெளியான அக்கட்டுரையில், வாஷிங்டன் நகர்ப்புறக் கடைகளில் விற்கப்பட்ட இத்தகைய உயிர்களில் சில நஞ்சுள்ளவை, சில அற்றவை. கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம் என்றும் காட்டினர்.

2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஓர் ஊரிலே, ஓர் இளைஞர் தம் வீட்டுத் தொட்டியிலிருந்து பவளப்பாறையை எடுத்துத் தூய்மை செய்தார். அன்றிரவு அவருக்கும் வீட்டிலிருந்தோர்க்கும் காய்ச்சல் கண்டது. குளிர் நடுக்கம், இருமல், மூச்சு முட்டல். குளிர்காலச் சளிக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினர். உண்மை தெரிந்தபோது குடும்பம் முழுவதும் மருத்துவமனையில். உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர் நால்வரும் உடன் சேர்க்கப்பட்டனர். நல்லவேளையாக அனைவரும் பிழைத்தனர். தெருவை அடைத்துக் காவல் போட வேண்டியிருந்தது. ஒரு மீன்தொட்டியால்!

இந்நஞ்சைக் கண்டுபிடித்த வரலாறு ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்தது. மாவி என்னும் தீவில் ஹானா என்ற ஊர்ப்புறத்தில் ஒரு பழங்கதை வழங்கி வந்தது. மீன்பிடிக்கப் போனவர்கள் ஒவ்வொருவராகக் காணாமற் போயினராம். தனித்து வாழ்ந்த ஒருவனை ஐயுற்று ஊரார் பிடித்துப் பார்க்க, அவன் முதுகிலே சுறாவின் வாய் இருந்ததாம். அவனைக் கொன்று எரித்துச் சாம்பலைக் கடலோரக் குட்டையொன்றில் வீச, அன்றுமுதல் அக்குட்டையில் நஞ்சுப்பாசி முளைத்ததாம். ஈட்டிமுனையில் அதனைத் தடவினால் பட்டவன் பிழையான். ஹானாவின் மரணப் பாசி என்று அம்மக்கள் அதற்குப் பெயரிட்டு, அக்குட்டையை அண்டலாகாது என விலக்கி வைத்திருந்தனர். 1961-ஆம் ஆண்டின் கடைசி நாளில் விஞ்ஞானிகள் அதனைத் தேடிச் சென்று சிறிது எடுத்து வந்தனர். அதே நாளில் அவர்களது கடலாராய்ச்சிக் கூடத்தின் முதன்மைக் கட்டடம் தீக்கிரையாயிற்று! தற்செயல் என்றே நான் கொள்கிறேன். ஆயினும் அவ்வூர்ப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பர் என்பதை ஊகிக்கலாம். பாசி என்று அழைக்கப்பட்டது பாசியன்று, பாலித்தோவா இனத்து உயிர் என்று தெரிந்தது. 1971-இல் மூர், ஷாயர் என்ற இருவர் அந்நஞ்சைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். நம் உடலின் ஒவ்வோர் அணுவிலும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறைக்கும் ஏற்றம்போன்ற அமைப்பு ஒன்று உண்டு. இந்நஞ்சு அந்த ஏற்றத்தை மூடாத மடையாக மாற்றிவிடுகிறது. மாற்று மருந்து இதுவரை கிடையாது.

வெளிநாட்டில் மக்கள், மருமக்கள் உள்ள வாசகர் பலர். அவர்கள் வீட்டில் இத்தகைய தொட்டி இருப்பின் எழுதிவிடுங்கள்: பாறையைக் கொதிநீரிலிடலாகாது, உலர்ந்த பின் சுரண்டவும் அழுத்தமான நீர்பீச்சியால் கழுவவும் கூடாது, கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும், சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது, கையில் கீறல் இருந்தால் அன்றைக்கு அவ்வேலையை ஒத்திப்போட வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடலாகாது.

நம் நாட்டில் இருப்போர்க்கு வேறொரு சொல். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே இருபத்தொரு தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல்லாண்டுகள் பவளக்கற்களை வெட்டியெடுத்தோம். இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் இடம்பெற்றன. எனவே கடலிலிருந்து பவளக்கல் எடுத்து வருவதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மேனாடுகளிலும் இப்போது உலர்கல்லையோ, செய்கல்லையோ வாங்கிப் பாக்டீரியாவை மட்டும் அதில் குடியேற்றுவோர் பெருகி வருகின்றனர். அவர்கள் தொட்டியில் விருந்தாளிகள் குறைவு.

விருந்தாளி எதிர்த்திசையில் போவதும் உண்டு. 1984-இல், மொனாக்கோ நாட்டின் கடலாராய்ச்சி அருங்காட்சியகத்தின் சன்னல்களுக்கு நேர்கீழே, கடலடியில் ஒரு பசும்பாசி காணப்பட்டது. காலர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் அது, மீன்காட்சிச்சாலைத் தொட்டிகளுக்கென வளர்க்கப்பட்ட அழகுப்பாசி. அங்கிருந்து மத்தியதரைக் கடலின் கரைகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரவி, உள்ளூர்க் கடற்புற்களை மூடியது. 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் காயலொன்றில் அது தலைகாட்டியபோது, அமெரிக்கர் விழித்துக்கொண்டு, தார்ப்பாய் போர்த்தி நஞ்சூட்டி, ஆறாண்டுகள் போராடி ஒழித்தனர். தொட்டி நீரைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றுவோர் இதனை நினைவிற்கொள்க.

கிராட்ஸ் நகரத்துப் புள்ளிக்கு வருவோம். சூல்ட்ஸே அதற்கு டிரைக்கோபிளாக்ஸ் அடீரன்ஸ் என்று பெயரிட்டார். ஒட்டிக்கொள்ளும் மயிர்த்தட்டு என்பது பொருள். உடலெங்கும் உள்ள நுண்ணிழைகளை அசைத்து அது ஊர்கிறது. பாசியின்மீது போர்வைபோல் கவிந்து, தன் வயிற்றுப்புறத்திலிருந்தே சாறு சுரந்து, கீழேயே செரித்து உறிஞ்சிக்கொள்கிறது. எந்த விலங்கினத்தோடும் பொருந்தாத ஒன்று என்று அவர் சொன்னார். ஆனால் 1907-இல் மற்றோர் அறிஞர், இது தனி விலங்கே அன்று, இழுதுமீன் இனத்தின் ஏதோ ஓர் இளம்பருவம் என்று எழுதிவிட்டார். பாடநூல்கள் அதனையே திருப்பித் திருப்பி அச்சிட்டன. அறுபது ஆண்டுகள் அப்புள்ளியை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்காமல் நகலெடுக்கும் பழக்கம் நம் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று போலும்.

1960-களின் இறுதியில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கார்ல் கிரெல் என்னும் பேராசிரியர், செங்கடலிலிருந்து கொண்டுவரப்பட்ட பாசியில் ஒட்டிவந்த அதே உயிரைக் கண்டார். மீண்டும் அழையாத வருகைதான்! அவர் அதனைப் பொறுமையாக வளர்த்து ஆராய்ந்து, அது எதன் இளம்பருவமும் அன்று, முழு விலங்கே என நிறுவினார். 1971-இல் அதற்கெனவே பிளாக்கோசோவா என்னும் தனித்தொகுதி அமைத்தார். விலங்குலகின் பெரும் பிரிவுகள் மொத்தம் முப்பதுக்குச் சற்று மேல். அவற்றுள் ஒன்று, ஒரு தொட்டியின் கண்ணாடிச் சுவரில் கிடைத்தது! 2008-இல் அதன் மரபணுத் தொகுதியை முழுதும் படித்தனர். ஏறத்தாழ 11,500 மரபணுக்கள். நரம்பே இல்லாத அவ்வுயிரில், நரம்பு வேலைக்கென நம் உடல் பயன்படுத்தும் மரபணுக்கள் பலவும் இருந்தன. அவை அங்கே என்ன செய்கின்றன என்பது இன்றும் ஆராய்ச்சியிலே இருக்கிறது. 2018-இல் ஹாங்காங் பெயரால் இரண்டாம் இனம் ஒன்றும் சேர்க்கப்பட்டது.

பரந்த கடலில் இவ்வுயிரை நேரே கண்டு பிடிப்பது அரிது. ஆராய்ச்சியாளர் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிலிட்டுக் கடலிலே சில வாரங்கள் தொங்கவிட்டு எடுக்கின்றனர். பவளத் தொட்டி வைத்திருப்போர்க்கோ அவ்வளவு தொல்லையும் இல்லை. ஒரு கண்ணாடிச் சில்லைத் தொட்டியின் மூலையில் இரண்டு வாரம் சாய்த்து வைத்துவிட்டு, பின் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியைக்கொண்டு பொறுமையாகத் தேடினால் போதும். வெண்சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி, மெல்ல நகரும்.